டெஸ்ட்டிலிருந்தே ஏபிஐ ஆவணம்: கேள்வி பதில்

ஏபிஐ என்பது ஒரு மென்பொருளை இன்னொரு மென்பொருள் அழைக்கும் வழி. பகுதிகள் சேர்ந்து சரியாக ஓடுகின்றனவா என்று பார்க்கும் இன்டெக்ரேஷன் டெஸ்ட் ஓடும்போதே ஏபிஐ ஆவணத்தையும் எடுத்துக்கொள்வது பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: நாங்கள் ஸ்வாக்கர் அனொட்டேஷன் (ஆவணம் உருவாக்க நிரலிலேயே எழுதும் குறிப்பு) போட்டிருக்கிறோம். பக்கம் தானாகவே வருகிறது. அப்புறம் டெஸ்ட் எதற்கு?

ஃபீல்டு பெயரும் டைப்பும் கிளாஸிலிருந்து வருகின்றன. அவை பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஸ்டேட்டஸ் கோடு (பதிலின் நிலையைச் சொல்லும் எண்), எரர் பாடி (பிழைப் பதிலின் உள்ளடக்கம்), எடுத்துக்காட்டு ஆகியவை அப்படியில்லை; ஒருவர் உட்கார்ந்து எழுதியவை. நாளைக்கு இன்னொருவர் 400 என்பதை 422 ஆக மாற்றுவார், அனொட்டேஷனைத் தொடமாட்டார். கம்பைலரும் கண்டுகொள்ளாது. டெஸ்ட்டிலிருந்து வரும் ஆவணத்தில் இருப்பது உண்மையாகவே போன கோரிக்கை, உண்மையாகவே வந்த பதில்.

கேள்வி: உள்ளே என்னதான் நடக்கிறது அண்ணா? நான் ஸ்பிரிங் பூட் (ஜாவா ஃபிரேம்வொர்க்) பயன்படுத்துகிறேன்.

அப்படியென்றால் ஸ்பிரிங் ரெஸ்ட் டாக்ஸ் என்ற கருவி. டெஸ்ட் ஒரு கோரிக்கையை அனுப்பும்போது இது கூடவே இருந்து பதிவு செய்து, சிறு சிறு ஆஸ்கிடாக் (எளிய உரை ஆவண வடிவம்) துண்டுகளாக எழுதி வைக்கும். அதே கோரிக்கையை டெர்மினலிலிருந்து அனுப்பும் கர்ல் கட்டளை, ஹெச்டிடிபை கட்டளை, முழுக் கோரிக்கை, முழுப் பதில், இரண்டின் பாடி என்று வழக்கமாக ஆறு துண்டுகள். முதன்மை ஆவணத்தை நீங்கள் கையால் எழுதி, வேண்டிய இடத்தில் இந்தத் துண்டுகளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் இதில் முக்கியமானது துண்டுகள் இல்லை. ஒவ்வொரு ஃபீல்டுக்கும் டெஸ்ட்டிலேயே விளக்கம் எழுதுகிறீர்கள் அல்லவா? பதிலில் விளக்கமில்லாத ஃபீல்டு ஒன்று வந்தால் டெஸ்ட் விழும். விளக்கியிருக்கிற ஃபீல்டு பதிலில் வராவிட்டாலும், அது கட்டாயமில்லை என்று குறித்திருந்தால் ஒழிய, விழும். ஆவணம் பழசாகிவிட்டது என்பதை வாடிக்கையாளர் புகார் சொல்லித் தெரிந்துகொள்ளாமல், பில்ட் சிவப்பானதும் தெரிந்துகொள்கிறீர்கள். என்னைக் கேட்டால், அழகான பக்கம் வராவிட்டாலும் இதற்காகவே இதைப் பயன்படுத்தலாம்.

கேள்வி: ஒரு பதிலில் 60 ஃபீல்டு இருக்கிறது சார். எல்லாவற்றுக்கும் விளக்கம் எழுதிக்கொண்டிருக்க முடியுமா?

தளர்த்திய முறை ஒன்று இருக்கிறது: விளக்காத ஃபீல்டைக் கண்டுகொள்ளாது, விளக்கியது காணாமல் போனால் மட்டும் விழும். பழைய புராஜெக்ட்டில் முதன்முதலாக நுழைக்கும்போது அது சரி. நிரந்தரமாக வைத்துக்கொண்டால் பாதிக் காவலைக் கழற்றிவிட்டீர்கள் என்று அர்த்தம். முகவரி போலத் திரும்பத் திரும்ப வரும் பகுதிகளின் விளக்கத்தை ஒரே இடத்தில் எழுதி எல்லா டெஸ்ட்டிலும் பயன்படுத்துங்கள், பாதி வேலை குறையும்.

கேள்வி: ரெயில்ஸில் (ரூபி ஃபிரேம்வொர்க்)? ரிக்வெஸ்ட் ஸ்பெக் (கோரிக்கை அனுப்பிப் பார்க்கும் டெஸ்ட்) ஏற்கெனவே நிறைய இருக்கிறது.

ஆர்ஸ்பெக்-ஓபன்ஏபிஐ என்ற ஜெம்மை (ரூபி நூலகம்) பாருங்கள். ஸ்பெக்கை மாற்றி எழுத வேண்டாம். ஒரு என்விரான்மென்ட் மாறியை வைத்து ஓட்டினால் போதும், ஏபிஐயைக் கருவிகள் படிக்கும் பொது வடிவில் விவரிக்கும் ஓபன்ஏபிஐ கோப்பு வந்துவிடும். ஆர்ஸ்வாக் என்ற இன்னொரு ஜெம் என்றால் அதற்கே உரிய நடையில் ஸ்பெக்கை எழுத வேண்டும், புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அது பொருந்தும். ஒன்றைக் கவனியுங்கள்: பார்த்த பதிலை வைத்து டைப்பை ஊகிக்கும் கருவிக்கு, பார்க்காதது தெரியாது. ஒரு ஃபீல்டு எல்லா டெஸ்ட்டிலும் null ஆகவே (மதிப்பு இல்லாமலே) வந்தால், அது எண்ணா எழுத்தா என்று அது எப்படிச் சொல்லும்?

கேள்வி: எல்லா டெஸ்ட்டையும் ஆவணமாக்கிவிடலாமா?

வேண்டாம். ஒரே எண்ட்பாயிண்ட்டுக்கு (ஏபிஐயில் அழைக்கும் ஒரு முகவரி) 40 வேலிடேஷன் டெஸ்ட் (உள்ளீடு சரியா என்று பார்ப்பது) இருக்கலாம். அத்தனையும் பக்கத்தில் வந்தால் படிக்கிறவர் ஓடிவிடுவார். ஒழுங்காக நடக்கும் ஒன்று, தவறான உள்ளீடு ஒன்று, அனுமதி இல்லாதது ஒன்று, தேடியது கிடைக்காதது ஒன்று. மற்றவை டெஸ்ட்டாகவே இருக்கட்டும்.

கேள்வி: சர்வீஸை மாக் செய்த (அதற்குப் பதில் போலி ஒன்றை வைத்த) கன்ட்ரோலர் (கோரிக்கையை வாங்கும் பகுதி) டெஸ்ட்டிலிருந்து எடுத்தால் தப்பா?

தப்பில்லை, ஆனால் எதை நம்பலாம் என்று தெரிந்திருக்க வேண்டும். ஜேசன் வடிவம் நிஜம். உள்ளே இருக்கும் மதிப்புகள் உங்கள் கற்பனை. உண்மையான சர்வீஸ் ஒருநாளும் வீசாத எக்ஸப்ஷனை மாக் வீசும், அதுவும் ஆவணத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். கன்ட்ரோலரை மட்டும் தனியாக நிறுத்தி டெஸ்ட் செய்தால் பாதுகாப்பு ஃபில்டர்களும் பொதுவாக ஓடாது, 401 (அடையாளம் சரியில்லை என்ற பதில்) வரவே வராது. வெளியாட்கள் படிக்கப்போகும் ஆவணம் என்றால் டேட்டாபேஸ் வரை போகிற டெஸ்ட்டிலிருந்து எடுங்கள்.

கேள்வி: டோக்கன், கடவுச்சொல் எல்லாம் ஆவணத்தில் வந்துவிடாதா?

வரும். எழுதுவதற்கு முன் ஹெடரை நீக்கவும், லோக்கல்ஹோஸ்ட்டை உண்மையான முகவரியாக மாற்றவும், பேட்டர்ன் கொடுத்து மறைக்கவும் ரெஸ்ட் டாக்ஸில் வசதி உண்டு. தேதியையும் ரேண்டம் ஐடியையும் நிலையாக வையுங்கள். இல்லாவிட்டால் ஒன்றும் மாறாமலே கிட்டில் தினமும் டிஃப் (முந்தையதோடு வேறுபாடு) வரும், அப்புறம் யாரும் டிஃப்பைப் பார்க்கவே மாட்டார்கள்.

கேள்வி: ஃபிரண்ட்எண்ட் குழு ஓபன்ஏபிஐ கோப்புதான் கேட்கிறது, நாங்களோ ரெஸ்ட் டாக்ஸ்.

ரெஸ்ட்டாக்ஸ்-ஏபிஐ-ஸ்பெக் என்ற நீட்சி அந்த மாற்றத்தைச் செய்யும்.

கேள்வி: அப்படியானால் கையால் எழுத ஒன்றுமே மிஞ்சாதா?

நிறைய மிஞ்சும். எந்த அழைப்புக்குப் பிறகு எது, நேரம் கடந்துவிட்டால் மறுபடி அனுப்பலாமா, அனுப்பினால் இரண்டு ஆர்டர் பதிவாகுமா, நிமிடத்துக்கு எத்தனை கோரிக்கை, எந்த எண்ட்பாயிண்ட் நீக்கப்படப்போகிறது... இதெல்லாம் ஒரு பதிலைப் பார்த்து எந்தக் கருவியும் எழுதாது. ஆட்கள் ஆதரவுக் குழுவிடம் வந்து கேட்பதும் பெரும்பாலும் இவற்றைத்தான். அதே ரெப்போவில், அதே புல் ரிக்வெஸ்ட்டில் எழுதுங்கள்.

கேள்வி: உருவான கோப்பை கமிட் செய்யலாமா?

ஹெச்டிஎம்எல் வேண்டாம். ஓபன்ஏபிஐ கோப்பை கமிட் செய்யுங்கள். சிஐ (ஒவ்வொரு மாற்றத்துக்கும் தானாக பில்ட் ஓட்டும் அமைப்பு) அதை மறுபடி உருவாக்கி ஒப்பிட்டு, வேறுபட்டால் பில்டை நிறுத்தட்டும். ஏபிஐ எங்கே மாறுகிறது என்பது ரிவ்யூ செய்கிறவர் கண்ணில் அப்போதே படும்.