ஐப்பசி மழைப் பயமும் தீபாவளி போனஸும்

கேள்வி: முடிச்சூரில் தரைத்தளத்தில் சொந்த வீடு. நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம், இரண்டு பிள்ளைகள், மாமியார் எங்களோடு இருக்கிறார். மாதச் செலவு 40,000, அது போக வீட்டுக் கடன் தவணை 17,000. 2015 வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீர் வந்து எல்லாம் போனது. அதிலிருந்து ஐப்பசி பிறந்தாலே எனக்குத் தூக்கம் வருவதில்லை. இப்போது போனஸ் 1,20,000 வந்திருக்கிறது. கடனில் கட்டிவிடலாம் என்கிறார் கணவர். எனக்கோ கையில் பணம் இருந்தால்தான் நிம்மதி. என்ன செய்யலாம்?

பதில்: சகோதரி, இந்த வருஷம் நீங்கள் சொல்வதுதான் சரி. கடனை அடைத்தால் வட்டி மிச்சம், உண்மைதான். ஆனால் தண்ணீர் வாசற்படி ஏறும் நாளில், கட்டிய பணத்தைக் கொடுங்கள் என்று வங்கியிடம் போய் நிற்க முடியாது.

2015 டிசம்பர் 1 ராத்திரி நான் சைதாப்பேட்டையில், மாடி வீட்டுக்காரர் தயவில் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தேன். கணக்கில் பணம் இருந்தது, கையில் 340 ரூபாய்தான். கரண்ட் இல்லை, செல்போன் வேலை செய்யவில்லை, தெருமுனை ஏடிஎம் தண்ணீருக்குள். மறுநாள் குழந்தைக்குப் பால் வாங்கக் கடன் கேட்டேன், அந்தக் கூச்சம் இன்னும் மறக்கவில்லை. இப்போது ஜிபே இருக்கிறதே என்பார்கள், சிக்னல் இல்லாவிட்டால் அதுவும் ஏடிஎம் மாதிரிதான். அதனால் முதல் வேலையாக 10,000 ரூபாயை ஐம்பதும் நூறுமாக மாற்றி, ஜிப் கவரில் போட்டு, பரணில் வையுங்கள். ஜனவரி வரை தொடாதீர்கள்.

அடுத்து 75,000 ரூபாய், உங்கள் சேமிப்புக் கணக்கோடு இணைந்த வைப்புத் தொகையில், வேண்டும்போது தானாக உடைகிற வகையில். தவணையையும் சேர்த்து மூன்று மாதத்துக்கு உங்களுக்கு 1,71,000 வேண்டும், மீதியை மாதம் 4,000 ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) போட்டால் இரண்டு வருஷத்தில் எட்டிவிடலாம்.

இனி வருவதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் உங்கள் பயத்தில் பெரும்பகுதி 'மறுபடி எல்லாம் போனால் எப்படி வாங்குவது' என்பதுதான் என்று நினைக்கிறேன். 2023 மிக்ஜாம் புயலுக்குப் பிறகு அரசு ரேஷன் அட்டைக்கு 6,000 ரூபாய் கொடுத்தது. பலருக்கு அது பெரிய உதவி, ஆனால் ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் கட்டிலும் போன வீட்டுக்கு அது எங்கே போதும்? அந்த நஷ்டத்தைத் தாங்க வேண்டியது வீட்டுக் காப்பீடு. 'கடன் வாங்கும்போதே இன்சூரன்ஸ் எடுத்தோமே' என்று நிறைய பேர் சொல்வார்கள். எடுத்துப் பார்த்தால், பல சமயம் அது கடன் வாங்கியவர் இறந்தால் கடனை அடைக்கிற ஆயுள் காப்பீடாக இருக்கும், வெள்ளத்துக்கு அதில் ஒரு ரூபாய் வராது. வங்கியில் கேட்டு பாலிசி நகலை வாங்கிப் பாருங்கள்.

கட்டடத்துக்கு இல்லையென்றால் 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசி எடுங்கள். 2021 ஏப்ரலில் இருந்து பொதுக் காப்பீட்டு நிறுவனங்களில் கிடைக்கிறது. வெள்ளம், புயல், நிலநடுக்கம் எல்லாம் இதில் அடங்கும். நிலத்தின் விலையைச் சேர்க்க வேண்டாம், திரும்பக் கட்ட ஆகும் செலவு மட்டும் போதும். 900 சதுர அடி, அடிக்கு 2,000 என்று வைத்தால் 18 லட்சம். அதில் 20 சதவீதம், அதாவது 3,60,000 ரூபாய் வரை வீட்டுப் பொருட்களுக்கும் தானாகவே காப்பு உண்டு, உச்சவரம்பு 10 லட்சம். நகை இதில் சேராது, தனியாகக் கேட்டு எடுக்க வேண்டும். பாலிசி எடுத்த அன்றே செல்போனில் அறை அறையாக வீடியோ எடுத்து, பில்களையும் படம் பிடித்து, ஊரில் இருக்கும் உறவினருக்கு அனுப்பி வையுங்கள். தண்ணீர் வடிந்ததும் கழுவத் தொடங்கும் முன் படம் எடுத்துவிட்டு, காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.

வண்டிகளுக்கும் இதே கதை. அடுத்தவருக்கு நேரும் சேதத்துக்கு மட்டுமான தேர்டு பார்ட்டி காப்பீடு இருந்தால் வெள்ளச் சேதத்துக்கு எதுவும் கிடைக்காது. கார் இருந்தால் முழுக் காப்பீட்டோடு, என்ஜின் சேதத்துக்கான கூடுதல் காப்பான என்ஜின் புரொடெக்ட்டும் சேர்த்து எடுங்கள், அப்படியே எடுத்திருந்தாலும் தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள், என்ஜின் அதில்தான் போகும்.

காகிதங்களைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம். பத்திரம் வங்கியில் இருக்கிறது. ஆதார், ஓட்டுநர் உரிமம், ஆர்.சி. எல்லாம் அரசின் டிஜிலாக்கர் செயலியில் ஏற்றிக்கொள்ளலாம். மற்றதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மேலே வையுங்கள்.

மீதி 35,000. அதில் காப்பீட்டுப் பிரீமியம், தரையில் இருக்கும் இன்வெர்ட்டரையும் பிளக் பாயிண்டுகளையும் மேலே ஏற்றும் எலக்ட்ரீஷியன் கூலி, மாமியாருக்கு ஒரு மாத மாத்திரை, இரண்டு தண்ணீர் கேன், டார்ச், பவர் பேங்க். இதெல்லாம் போக மிஞ்சுவதைக் கணவர் ஆசைப்படி கடனில் கட்டிவிடுங்கள், அவரும் சொன்னதில் தப்பில்லை.

அப்புறம், மாடி வீட்டுக்காரரிடமோ மேட்டுப் பகுதியில் இருக்கும் சொந்தக்காரரிடமோ, 'தண்ணீர் வந்தால் மாமியாரோடு உங்கள் வீட்டுக்கு வருவோம்' என்று இப்போதே பேசி வையுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநிலத்துக்கு 1070. இரண்டையும் பிள்ளைகள் கண்ணில் படும்படி சுவரில் எழுதி வையுங்கள். புயல் சின்னம் உருவான பிறகு பாலிசிக்கு ஓட வேண்டாம், பிரீமியத்தை இந்த வாரமே கட்டிவிடுங்கள்.