உண்மையைச் சொன்னவருக்கு யார் துணை? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: போர் ஓய்ந்த நாடுகளில், பாதிக்கப்பட்டவரும் குற்றம் செய்தவரும் ஊர் அறிய நேருக்கு நேர் பேசிவிட்டால் மனப்புண் ஆறிவிடும் என்று படிக்கிறோம். ஆய்வுகள் இதை உறுதிசெய்கின்றனவா? (முதுகலை மாணவி, மதுரை)

பதில்: ஒரு பாதியை உறுதிசெய்கின்றன, மறுபாதியை மறுக்கின்றன. நல்லிணக்கத்தைப் பற்றிய மேடைப் பேச்சுகளில் அந்த மறுபாதி பெரும்பாலும் விடுபட்டுப்போவதால், அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ருவாண்டாவில் 1994 ஏப்ரல் முதல் ஜூலை வரை, ஏறத்தாழ 100 நாள்களுக்குள், 8 லட்சம் பேர் வரை கொல்லப்பட்டார்கள் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. மாண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் சிறுபான்மையினரான டுட்சி மக்கள். கொன்றவர்களில் பலர் அதே ஊரில் குடியிருந்த, பெரும்பான்மை ஹூட்டு மக்கள். அண்டை நாடான தான்சானியாவின் ஆருஷா நகரில் ஐ.நா. அமைத்த தீர்ப்பாயம் 93 பேர் மீதுதான் குற்றம் சாட்டியது. நாட்டின் சிறைகளிலோ ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் விசாரணையின்றி அடைபட்டுக் கிடந்தார்கள். இந்த நிலையில்தான், ஊர்ப் பெரியவர்கள் புல்தரையில் கூடி வழக்குத் தீர்க்கும் ‘கச்சாச்சா’ என்ற பழைய முறையை அரசு புதிய சட்டத்தோடு மீட்டெடுத்தது. 2002-இல் சில பகுதிகளில் தொடங்கி, 2005 முதல் நாடெங்கும் பரவி, 2012-இல் மூடப்படும்வரை, சுமார் 12,000 மன்றங்கள் 19 லட்சத்துக்கும் மேற்பட்ட வழக்குகளை முடித்தன. நீதிபதிகள் சட்டம் படித்தவர்கள் அல்லர், ஊராரே தேர்ந்தெடுத்தவர்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டவருக்குத் தண்டனை குறைந்தது. கொல்லப்பட்ட தம்மவரின் உடல் எங்கே கிடக்கிறது என்பதைப் பல குடும்பங்கள் அங்கேதான் முதன்முதலாக அறிந்துகொண்டன, தோண்டி எடுத்து முறைப்படி அடக்கமும் செய்தன. இதைச் சிறிய பயனாக நான் எண்ணவில்லை.

ஆனால் சாட்சி சொன்னவரின் நிலை என்ன? ஒரு பெண் எழுந்து நின்று, தன் கணவனைக் கொன்றவன் இவன் என்று சொல்லும்போது, அவனுடைய உடன்பிறந்தாரும் உறவினரும் அதே கூட்டத்தில் உட்கார்ந்திருப்பார்கள். மறுநாள் தண்ணீர் எடுக்கவும் சந்தைக்குப் போகவும் அவர்கள் நடக்கும் வழியில்தான் அவளும் நடக்க வேண்டும். சுவீடன் ஆய்வாளர் கேரன் புரூனியஸ் இப்படிச் சாட்சி சொன்ன பெண்களைச் சந்தித்தபோது, மிரட்டலையும் தனிமையையும் பழைய கொடுமை மீண்டும் மனத்தில் கிளர்ந்ததையும் அவர்கள் விவரித்தார்கள். பின்னர் அவர் நடத்திய பெரிய கணக்கெடுப்பில், சாட்சி சொல்லாதவர்களைவிடச் சொன்னவர்களிடம் மனச்சோர்வும் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநலக் குறைபாடும் கூடுதலாகக் காணப்பட்டன.

இது ருவாண்டாவின் தனிக்குறை என்று ஒதுக்கிவிட முடியாதபடி, 2016-இல் சியரா லியோனிலிருந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. 2002-இல் உள்நாட்டுப் போர் முடிந்த அந்நாட்டில், ‘ஃபம்புல் டோக்’ என்ற அமைப்பு ஊர்தோறும் தீ மூட்டி, அதைச் சுற்றி அமர்ந்து, பாதிக்கப்பட்டவரைப் பேசவும் குற்றம் செய்தவரை மன்னிப்புக் கேட்கவும் வைத்தது. 200 ஊர்களில் பாதியைக் குலுக்கல் முறையில் தெரிவுசெய்து, சடங்கு நடந்த ஊர்களையும் நடக்காத ஊர்களையும் ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். சடங்கு நடந்த ஊர்களில் மன்னிக்கும் மனம் கூடியிருந்தது, நட்புறவுகள் பெருகியிருந்தன, ஊர்ப் பொதுப்பணிகளுக்கு மக்கள் அதிகமாகக் கைகொடுத்தார்கள். அதே ஊர்களில் மனச்சோர்வும் பதற்றமும்கூட ஏறியிருந்தன. 31 மாதங்கள் கழித்து மறுபடி பார்த்தபோதும் இரண்டு விளைவுகளும் நீடித்தன.

ஊருக்குக் கிடைத்த நன்மைக்கான விலையை ஏற்கெனவே எல்லாவற்றையும் இழந்த ஒருவர் தனியாகக் கொடுத்திருக்கிறார் என்பதே இதன் பொருள். ஆகவே, சாட்சி சொல்ல அழைக்கும் எந்த அமைப்பும், சொல்லி முடித்தபின் அவருக்குத் துணையாக யார் எத்தனை மாதம் இருப்பார்கள் என்பதற்கும் முன்கூட்டியே ஏற்பாடு செய்திருக்க வேண்டும். அந்த ஏற்பாடு இல்லாமல் அழைப்பதை நான் அறமாகக் கருதவில்லை.

கேள்வி: கச்சாச்சா வெற்றியா, தோல்வியா? (ஆசிரியர், தஞ்சாவூர்)

பதில்: அறிஞர்கள் இன்னும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. அந்த மன்றங்களை மக்கள் தாங்களாகவே பேசித் தீர்த்துக்கொள்ளும் இடமாக்கிக்கொண்டார்கள் என்பது பில் கிளார்க்கின் மதிப்பீடு. அரசின் பிடி அங்கே இறுகியிருந்தது என்பது லார்ஸ் வால்டோர்ஃப் போன்றோரின் கண்டனம். எனக்கு மிகப் பெரிய குறையாகத் தெரிவது வேறொன்று. இனப்படுகொலையை முடிவுக்குக் கொண்டுவந்து ஆட்சியைப் பிடித்த படையினர் செய்த கொலைகள் அம்மன்றங்களின் வரம்புக்குள் சேர்க்கப்படவில்லை. அந்தக் கொலைகளில் உறவுகளை இழந்த ஹூட்டு குடும்பங்கள் தங்கள் துயரத்தைச் சொல்ல அங்கே இடமே இருக்கவில்லை.

கேள்வி: வெறுப்பைப் பரப்பிய வானொலியைக் கொண்டே சமாதானத்தையும் வளர்க்க முடியுமா? (வாசகர், கோவை)

பதில்: நீங்கள் குறிப்பிடுவது, 1994-இல் கொலைக்குத் தூண்டிய ருவாண்டாவின் ஆர்.டி.எல்.எம். வானொலியை என்று கொள்கிறேன். பிற்காலத்தில் அதே நாட்டில் ஒலிபரப்பான ஒரு நல்லிணக்கத் தொடர் நாடகத்தை உளவியல் ஆய்வாளர் எலிசபெத் லெவி பாலக் ஆராய்ந்தார். சில குழுக்கள் அந்த நாடகத்தையும், வேறு சில குழுக்கள் உடல்நலம் பற்றிய நாடகத்தையும் ஓராண்டு கேட்டன. நல்லிணக்க நாடகம் கேட்டவர்களின் உள்நம்பிக்கைகள் பெரிதாக மாறவில்லை. ஆனால் ஊரில் எது தகும், எது தகாது என்பதைப் பற்றிய அவர்களின் கணிப்பு மாறியது. ஆண்டு முடிவில் ஒவ்வொரு குழுவுக்கும் ஒலிநாடாக்களைப் பரிசளித்தபோது, உடல்நல நாடகம் கேட்டவர்கள் அவற்றை ஊர் அதிகாரியிடம் ஒப்படைக்க எளிதில் இசைந்தார்கள். மற்றவர்களோ, நாமே பொதுவில் வைத்துக்கொள்ளலாமே என்று எழுந்து வாதிட்டார்கள். மனம் திருந்தும்வரை காத்திராமல், மாற்றுக் கருத்தை அச்சமின்றிச் சொல்லும் பழக்கத்தை முதலில் வளர்க்கலாம் என்பதற்கு இது நல்ல சான்று.

கேள்வி: காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைப் பற்றி எங்கள் தாய்மார் ஆணைக்குழு ஆணைக்குழுவாகச் சாட்சியம் சொல்லிக் களைத்துவிட்டார்கள். மேற்படி ஆய்வுகள் எங்களுக்குப் பொருந்துமா? (வாசகி, யாழ்ப்பாணம்)

பதில்: கவனத்தோடுதான் பொருத்த வேண்டும். ருவாண்டாவிலும் சியரா லியோனிலும் எதிரே நின்று பதில் சொல்ல ஒருவராவது இருந்தார். உங்கள் தாய்மாரோ 2010-இல் அமைந்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, 2013-இல் அமைந்த பரணகம ஆணைக்குழு, 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் என்று ஒன்றன்பின் ஒன்றாக அதே துயரத்தைச் சொல்லியிருக்கிறார்கள். பதில் கிடைக்காததால்தான் 2017 முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரப் பந்தல்களில் அமர்ந்தார்கள். சாட்சி சொல்வதன் சுமை முழுவதும் அவர்கள்மேல் விழுந்தது, அதனால் விளையவேண்டிய பயன் மட்டும் வரவில்லை. இனி எந்த அமைப்பு அழைத்தாலும் மூன்றை நிபந்தனையாகக் கேட்பது நியாயம் என்பேன்: தாய்மார் முன்பு கொடுத்த வாக்குமூலத்தை அந்த அமைப்பினரே எடுத்துப் படித்துக்கொண்டு வர வேண்டும், சாட்சியத்தின்போதும் அதன்பின்னும் தமிழ் பேசும் உளவளத் துணையாளர் ஒருவர் உடனிருக்க வேண்டும், விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பது குறித்த காலத்துக்குள் குடும்பத்துக்குத் தமிழில் எழுத்துமூலம் வந்துசேர வேண்டும்.