ஹண்ட்ரட்வெயிட் என்றால் 100 அல்ல, 112

கேள்வி: பழைய சரக்குப் பேரேடு ஒன்றைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். எடைகள் 3-7-2-19 என்பதுபோல் நான்கு பத்திகளில் இருக்கின்றன. தலைப்பில் டன், ஹண்ட்ரட்வெயிட், குவார்ட்டர், பவுண்டு என்று எழுதியிருக்கிறது. ஹண்ட்ரட்வெயிட்டுக்கு 100 பவுண்டு என்று போட்டுக் கூட்டினால் பக்கத்தின் அடியில் உள்ள மொத்தத்தோடு ஒத்துவரவில்லை. எப்படிக் கிலோவாக்குவது? பின்பக்கங்களில் வெள்ளியின் எடை அவுன்ஸில் இருக்கிறது. அதையும் கிராமாக்க வேண்டும்.

பதில்: பெயர்தான் உங்களை ஏமாற்றியிருக்கிறது. பிரிட்டிஷ் முறையில் ஒரு ஹண்ட்ரட்வெயிட் 112 பவுண்டு. அந்தர் என்று சொல்வதும் இதைத்தான். 14 பவுண்டு ஒரு ஸ்டோன், இரண்டு ஸ்டோன் ஒரு குவார்ட்டர், அதாவது 28 பவுண்டு. நான்கு குவார்ட்டர் சேர்ந்தால் 112. அப்படி 20 ஹண்ட்ரட்வெயிட் ஒரு டன், ஆக 2,240 பவுண்டு. நீங்கள் போட்ட 100 பவுண்டுக் கணக்கு அமெரிக்காவில் புழங்கும் சிறிய ஹண்ட்ரட்வெயிட். அங்கே டன் 2,000 பவுண்டு.

உங்கள் பேரேடு எந்த முறையில் எழுதப்பட்டது என்பதை அதுவே சொல்லிவிடும். பவுண்டுப் பத்தியை மேலிருந்து கீழே பாருங்கள். 25, 26, 27 ஆகிய எண்களில் ஒன்று எங்காவது தென்பட்டால் குவார்ட்டர் 28 பவுண்டுதான். 25 பவுண்டுக்கு ஒரு குவார்ட்டர் என்றால் அந்தப் பத்தி 24-ஐத் தாண்டவே தாண்டாது. அந்த எண்கள் இல்லாவிட்டாலும், பவுண்டுப் பத்தியை மட்டும் கூட்டி 28-ஆல் வகுத்துப் பாருங்கள். மீதியாக வரும் எண், மொத்தத்தின் கடைசி எண்ணாக இருந்தால் சந்தேகம் தீர்ந்தது. புதிதாக ஒரு பேரேடு கைக்கு வந்தால் நான் முதலில் செய்வது இந்தச் சோதனையைத்தான்.

அடுத்து மாற்றும் முறை. ஒவ்வொரு பத்தியையும் தனித்தனியாகக் கிலோவாக்கிக் கூட்டாதீர்கள். எல்லாவற்றையும் பவுண்டுக்கு இறக்கிவிட்டு, கடைசியில் ஒரே ஒரு முறை பெருக்குங்கள். உங்கள் 3-7-2-19-ஐயே எடுத்துக்கொள்வோம். 3 டன்னை 20-ஆல் பெருக்கினால் 60, அதோடு 7 சேர 67 ஹண்ட்ரட்வெயிட். அதை 4-ஆல் பெருக்கி 2-ஐக் கூட்டினால் 270 குவார்ட்டர். அதை 28-ஆல் பெருக்கினால் 7,560, மிச்சமுள்ள 19-ஐயும் சேர்த்தால் 7,579 பவுண்டு. உங்கள் கணக்குப்படி இது 6,769 பவுண்டாகத்தான் வந்திருக்கும். 810 பவுண்டு, அதாவது சுமார் 367 கிலோ காணாமல் போயிருக்கிறது.

ஒரு பவுண்டு என்பது 0.45359237 கிலோ. இது தோராயம் அல்ல. 1959-இல் பவுண்டைப் பயன்படுத்திய நாடுகள் உடன்பட்டு நிர்ணயித்த துல்லிய மதிப்பு. இதால் பெருக்கினால் உங்கள் சரக்கு 3,437.78 கிலோ. பலரும் செய்வதுபோல் 2.2-ஆல் வகுத்தால் 3,445 வரும். ஒரே பதிவில் 7 கிலோ பிசகு. பேரேடு முழுக்க அப்படிச் செய்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். விடை சரியா என்று மனத்துக்குள் பார்க்க ஒரு வழி: ஒரு ஹண்ட்ரட்வெயிட் 50.8 கிலோ. 67-க்கும் 68-க்கும் இடையில் உள்ள ஒரு எண்ணை 50-ஆல் பெருக்கினால் 3,400-ஐ ஒட்டி வரவேண்டும். வருகிறது.

கணினியில் ஏற்றும்போது இன்னொரு பொறி இருக்கிறது. 11 ஸ்டோன் 5 பவுண்டு என்பதை 11.5 ஸ்டோன் என்று உள்ளிட்டுவிடுவார்கள். 11.5 ஸ்டோன் என்றால் 11 ஸ்டோன் 7 பவுண்டு. கிட்டத்தட்ட ஒரு கிலோ கூடிவிடும். 5 பவுண்டு 8 அவுன்ஸும் 5.8 பவுண்டு அல்ல, 5.5 பவுண்டு, ஏனென்றால் பவுண்டுக்கு 16 அவுன்ஸ். ஆகவே நான்கு பத்திகளையும் நான்கு பத்திகளாகவே ஏற்றுங்கள், கிலோவுக்கு ஐந்தாவதாக ஒரு பத்தி போடுங்கள். மூலத்தை அழிக்காமல் வைத்திருந்தால் தவறைப் பின்னால் திருத்த முடியும்.

பேரேடு 1835-க்கு முற்பட்டது என்றால் மட்டும் ஸ்டோனை அப்படியே நம்ப வேண்டாம். பிரிட்டனில் அந்த ஆண்டுச் சட்டம்தான் ஸ்டோனை 14 பவுண்டு என்று நிலைநிறுத்தியது. அதற்குமுன் பொருளுக்குப் பொருள் மாறியது. லண்டன் இறைச்சிச் சந்தையில் 8 பவுண்டு ஸ்டோன்கூட இருந்தது.

வெள்ளிக்கு வருவோம். தங்கமும் வெள்ளியும் வழக்கமாக டிராய் அவுன்ஸில்தான் எடை போடப்பட்டன. சாதாரண அவுன்ஸ் 437.5 கிரெயின், டிராய் அவுன்ஸ் 480 கிரெயின். இரண்டு முறைகளுக்கும் பொதுவான ஒரே அலகு இந்தக் கிரெயின்தான். கிராமில் சாதாரண அவுன்ஸ் 28.35, டிராய் அவுன்ஸ் 31.1035. 40 அவுன்ஸ் வெள்ளியைச் சாதாரண அவுன்ஸாக எடுத்தால் 1,134 கிராம், டிராயாக எடுத்தால் 1,244 கிராம். 110 கிராம் வித்தியாசம். அவுன்ஸுக்கு அடுத்து பென்னிவெயிட் என்றொரு பத்தி இருந்தால் அது டிராய்தான். 20 பென்னிவெயிட் ஒரு டிராய் அவுன்ஸ். வெள்ளியைப் பவுண்டிலும் எழுதியிருந்தால் 16-ஆல் பெருக்கிவிடாதீர்கள். டிராய் பவுண்டுக்கு 12 அவுன்ஸ்தான்.