மூலையில் மட்டும் ஏன் வேகம்?

கேள்வி: இமயமலையின் இரு கோடிகளிலும் உள்ள நங்க பர்பத், நம்ச்சா பர்வா சிகரங்கள் மட்டும் வேகமாக உயர்கின்றனவாமே? (வாசகர், ஈசூன்)

பதில்: உயர்வது பாறை, சிகரத்தின் உயரம் அல்ல. எழும்பியதில் பெரும்பகுதியை அரிப்பு வழித்துவிடுகிறது.

அந்த மூலைகளில், இமயமலைக்கு அடியில் நுழையும் இந்தியத் தட்டின் (பூமியின் மேலோட்டுப் பாளம்) விளிம்பு வளைகிறது. ஒரு தாளை நீளவாக்கில் வளைத்துப் பிடியுங்கள், தொங்காமல் விறைக்கும். வளைந்த தட்டும் அப்படியே விறைத்து, மேலுள்ள பாறையை ஓரிடத்தில் குவித்துத் தள்ளுகிறது என்பது ஒரு விளக்கம். ஆறும் முக்கியம். மேற்கே சிந்து, கிழக்கே யார்லுங் சாங்போ ஆழமாக வெட்டிச் சுமையைக் குறைக்க, அடியிலுள்ள சூடான, இளகிய பாறை அங்கே எழும்புகிறது, ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர். தள்ளும் விசை இல்லாமல் ஆறு மட்டும் இதைச் செய்யாது.

நம் சிங்கப்பூரின் புக்கிட் தீமா கருங்கல்லும் பாறைக்குழம்பு ஆழத்தில் உறைந்து உருவானதுதான். வயது 20 கோடி ஆண்டுக்கு மேல். நங்க பர்பத்தில் சுமார் 10 லட்சம் ஆண்டு வயதுக் கருங்கல்லே வெளியில் தெரிகிறது, அவ்வளவு வேகமாகப் பாறை மேலே வந்திருக்கிறது!