கேமரா அப்புறம், வணக்கம் முதலில்

கேள்வி: பயணம் போகும் ஊர்களில் அங்குள்ள மனிதர்களின் முகங்களைப் படம் எடுக்க எனக்கு மிகவும் பிடிக்கும். கேட்டால் மறுத்துவிடுவார்களோ என்ற கூச்சத்தில், 70-300 மி.மீ. ஜூம் லென்ஸைப் போட்டுத் தூரத்தில் நின்றே எடுத்துவிடுவேன். போன மாதம் ஒரு சந்தையில் வயதான பெண்மணி ஒருவர் அதைக் கவனித்துவிட்டு, இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். அதற்குள் இரண்டு படம் எடுத்துவிட்டேன். மனம் உறுத்துகிறது. 'கேட்டு எடுத்தால் இயல்பு போய்விடும்' என்கிறார்கள் நண்பர்கள். மொழி தெரியாத இடத்தில் எப்படிக் கேட்பது? அந்தப் படங்களை என்ன செய்வது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அந்த இரண்டு படங்களையும் இன்றே அழித்துவிடுங்கள், எவ்வளவு நன்றாக வந்திருந்தாலும் சரி. நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் அவர் பதில் சொல்லிவிட்டார். அந்த உறுத்தல் உங்களுக்கு வந்ததில் எனக்கு மகிழ்ச்சி.

நண்பர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. கேட்டதும் யாருக்கும் உடம்பு விறைத்துக்கொள்ளும். முதல் படம் அடையாள அட்டைப் படம் மாதிரிதான் வரும். ஆனால் பலர் அதோடு நன்றி சொல்லிக் கிளம்பிவிடுகிறார்கள், தவறு அங்கேதான். எடுத்த படத்தைத் திரையில் அவருக்குக் காட்டுங்கள். பக்கத்தில் இருப்பவர்கள் எட்டிப் பார்ப்பார்கள், யாராவது ஏதாவது சொல்வார்கள், அவர் சிரிப்பார், பிறகு விட்ட வேலையைத் தொடர்வார். நீங்கள் தேடுகிற இயல்பு அப்போது வரும். எனக்குப் பிடித்த முகப்படங்கள் பெரும்பாலும் நான்காவது, ஐந்தாவது கிளிக்கில் கிடைத்தவை.

மொழி தெரியாததை நினைத்துப் பயப்படாதீர்கள். போகும் ஊரின் மொழியில் வணக்கம், 'படம் எடுக்கலாமா?', நன்றி, இந்த மூன்றை மட்டும் கற்றுக்கொண்டு போங்கள். கேமரா பைக்குள்ளேயே இருக்கட்டும். வணக்கம் சொல்லி, அவர் செய்கிற வேலையைக் கொஞ்ச நேரம் பாருங்கள். அப்புறம் கேமராவைக் காட்டிக் கேளுங்கள், கேட்டுவிட்டுக் காத்திருங்கள். தலையசைப்பை மட்டும் நம்ப வேண்டாம். பல்கேரியாவில் பக்கவாட்டில் ஆட்டினால் சம்மதம், மேலும் கீழும் ஆட்டினால் மறுப்பு! முகத்தைப் பாருங்கள். தயக்கம் தெரிந்தால் அதை மறுப்பாகவே எடுத்துக்கொண்டு, புன்னகையோடு நகர்ந்துவிடுங்கள்.

சம்மதம் கிடைத்த பிறகு அவரைக் காக்கவைத்து அமைப்புகளைத் திருகிக்கொண்டிருக்காதீர்கள். லென்ஸ் திறப்பு எஃப்/5.6, ஷட்டர் வேகம் 1/250 நொடி, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) ஆட்டோ என்று முன்பே வைத்துக்கொள்ளலாம். உச்சி வெயிலில் கண்ணுக்குக் கீழே கருநிழல் விழும். அதனால் வாசல் ஓரமோ நிழலோ நல்லது. உங்கள் ஜூமை 85 மி.மீ. அளவில் நிறுத்திக்கொண்டால், பேசுகிற தூரத்திலேயே எடுக்க முடியும். போனில் என்றால் 2 மடங்கு ஜூம் வைத்து ஓரடி பின்னால் நில்லுங்கள். மிக அருகில் போனால் மூக்கு பெரிதாகவும் காது சிறிதாகவும் தெரியும். முகத்தின் அமைப்பை மாற்றுவது லென்ஸ் அல்ல, தூரம்.

1936-இல் கலிஃபோர்னியாவில், பட்டாணி பறிக்கும் கூலித் தொழிலாளர்களின் முகாமில் ஒரு தாயை அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் டோரதியா லாங்கே எடுத்த படம் உலகப் புகழ்பெற்றது. அந்தப் பெண்ணின் பெயரைக்கூடத் தான் கேட்கவில்லை என்று லாங்கே பின்னாளில் எழுதினார். அந்தத் தாய் ஃபிளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன் என்று 1978-இல்தான் உலகுக்குத் தெரிந்தது. அந்தப் படத்தால் தனக்கு எந்தப் பயனும் இல்லை என்ற வருத்தம் அவருக்கு இருந்தது. இதைப் படித்த நாளிலிருந்து நான் பெயர் கேட்காமல் யாரையும் எடுப்பதில்லை. படத்தை அனுப்புகிறேன் என்று வாக்குக் கொடுத்தால் கட்டாயம் அனுப்புங்கள். வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவரின் முகவரிச் சீட்டை நான் ஒருமுறை தொலைத்துவிட்டேன். அவர் தபாலுக்குக் காத்திருந்திருப்பார் என்ற எண்ணம் இன்னும் என்னை விடவில்லை. இப்போதெல்லாம் கையடக்க பிரின்டர் ஒன்றைக் கொண்டுபோய், அங்கேயே படத்தைக் கையில் கொடுத்துவிடுகிறேன்.

பணம் கேட்டால்? போஸ் கொடுப்பதே தொழிலாக இருப்பவர் என்றால், முன்பே பேசிக்கொண்டு கொடுங்கள். அது அவருடைய உழைப்பு. குழந்தைகளுக்கு மட்டும் காசோ மிட்டாயோ கொடுத்துப் படம் எடுக்காதீர்கள். பெற்றோரிடம் கேளுங்கள், அவர்கள் அங்கே இல்லையென்றால் படம் வேண்டாம்.

எடுக்கக் கிடைக்கும் சம்மதம் வெளியிடுவதற்கும் சேர்த்து அல்ல. ஜெர்மனியில் ஒருவரின் படத்தை வெளியிடப் பொதுவாக அவருடைய அனுமதி வேண்டும். கனடாவின் கியூபெக் மாகாணத்தில், கட்டட வாசல் படியில் உட்கார்ந்திருந்த 17 வயதுப் பெண்ணின் படத்தை அனுமதியின்றி ஒரு பத்திரிகை வெளியிட்டது. அது தவறு என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1998-இல் தீர்ப்பளித்தது. பொது இடம்தானே என்ற வாதம் எடுபடவில்லை. இணையத்தில் போடும் எண்ணம் இருந்தால் அதையும் கேட்கும்போதே சொல்லிவிடுங்கள்.

அடுத்த பயணத்தில் முதல் நாள் ஒரே ஒருவரிடம் மட்டும் கேட்டுப் பாருங்கள். அவர் மறுத்தாலும் சரி, என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள்.