ஆர்.வி. ஃப்ரிட்ஜ்: கேஸை நிறுத்தினால் மட்டும் போதுமா?

கேள்வி: டெக்சாஸில் இருக்கிறோம். 2007 மாடல் மோட்டார்ஹோம் (வீட்டு வசதியுள்ள ஆர்.வி. வண்டி) ஒன்றைப் பழையதாக வாங்கினோம். அதிலுள்ள புரோப்பேன் ஃப்ரிட்ஜின் பின்பக்கம் அனலாய்க் கொதிக்கிறது. இந்த ஃப்ரிட்ஜால் வண்டியே எரிந்துபோகும் என்று பயமுறுத்துகிறார்கள். கேஸில் போடாமல் கரண்டில் மட்டும் ஓட்டினால் போதுமா?

பதில்: போதாது. கரண்டில் போட்டாலும் சூடாவது அதே பாய்லர் குழாய்தான். சுடருக்குப் பதில் ஹீட்டர், அவ்வளவே. பின்பக்கம் சுடுவதும் கோளாறு அல்ல. இந்த ஃப்ரிட்ஜில் கம்ப்ரெசர் கிடையாது, சூட்டைக் கொண்டுதான் குளிர் உண்டாகிறது. தண்ணீரில் கரைந்த அமோனியா பாய்லரில் ஆவியாகி மேலே ஏறி, திரவமாகி, ஹைட்ரஜன் இருக்கும் குழாயில் மறுபடி ஆவியாகும்போது உள்ளே குளிர்கிறது. 1922-இல் சுவீடனில் வான் பிளாட்டன், முன்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் கண்டுபிடித்த ஏற்பாடு இது. அடிப்படை இன்றுவரை மாறவில்லை.

இதில் பம்ப் இல்லை என்பதைக் கவனியுங்கள். திரவம் தானாக வழிந்து பாய்லருக்குத் திரும்ப வேண்டும். வண்டி சாய்ந்து நின்றால் அது வழியிலேயே தேங்கிவிடும், பாய்லர் வறண்டு காயும். துருப்பிடிக்காமலிருக்கச் சேர்த்திருக்கும் சோடியம் குரோமேட் அந்தச் சூட்டில் கட்டியாகிக் குழாயை அடைக்கும். பிறகு நீங்கள் வண்டியை நேராக நிறுத்தினாலும் அந்த அடைப்பு கரையாது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடி, ஒருநாள் குழாய் விரிசல் விடும். அழுத்தத்தில் இருக்கும் ஹைட்ரஜன் வெளியே வந்து சுடரிலோ மின்பொறியிலோ பட்டால் தீதான்.

அதனால் முதலில் ஒரு ரசமட்டம் வாங்கி ஃப்ரீசருக்குள் வைத்துப் பாருங்கள். பெரும்பாலான மாடல்களில் பக்கவாட்டில் 3 டிகிரி, முன்பின்னாக 6 டிகிரி வரை தாங்கும். சக்கரத்தடியில் கட்டை வைத்துச் சமன் செய்தபிறகே ஃப்ரிட்ஜைப் போடுங்கள். வண்டி ஓடும்போது குலுங்குவதால் திரவம் தேங்காது, நிற்கும்போதுதான் வினை. ஆனால் பெட்ரோல் பங்குக்குள் நுழையும் முன் சுடரை அணைத்துவிட வேண்டும்.

உங்கள் வண்டியின் வயதைப் பார்த்தால் ரீகால், அதாவது விற்ற பொருளைக் கம்பெனியே திரும்ப அழைத்துச் சரிசெய்யும் விஷயமும் முக்கியம். ஃப்ரிட்ஜ் கம்பெனிகளான டொமெட்டிக் 2006-லும் 2008-லும், நார்கோல்ட் தன் 1200 வரிசைக்கு 2010-லும் தீ ஆபத்துக்காக ரீகால் அறிவித்தன. ஃப்ரிட்ஜுக்குள் ஒட்டியிருக்கும் மாடல், சீரியல் எண்களைக் கம்பெனியிடம் சொல்லி, அந்த வேலை முடிந்திருக்கிறதா என்று கேளுங்கள். சூடு மீறினால் அணைக்கும் சுவிட்ச் பொருத்தியிருந்து, அது அடிக்கடி அணைக்கிறது என்றால், ரீசெட் செய்து ஓட்டும் கெட்டிக்காரத்தனம் வேண்டாம். கோளாறைத்தான் அது சொல்கிறது.

டெக்சாஸ் வெயிலுக்குக் காற்றோட்டமும் தேவை. ஃப்ரிட்ஜின் பின்னால் கீழ் வென்டில் (காற்றுத் திறப்பில்) நுழையும் காற்று மேல் வென்ட் வழியாகத் தடையின்றி வெளியேற வேண்டும். பறவைக் கூடு, சருகு இருக்கிறதா பாருங்கள். அங்கே ஒரு 12 வோல்ட் ஃபேன் வைப்பது நல்ல செலவு. வருடம் ஒருமுறை சிலிண்டரை மூடி, ஆறவிட்டு, பர்னரைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். புகைக்குழாயிலிருந்து துரு உதிர்ந்து பர்னரில் விழும், குளவியும் சிலந்தியும் உள்ளே குடியேறும். சுடர் நீலமாக நிற்க வேண்டும். கேஸ் வரும் நுண்துளையில் ஊசி விட்டுக் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும்.

ஃப்ரிட்ஜின் பின்பக்கக் கதவைத் திறந்ததும் அமோனியா நெடி அடித்தாலோ குழாயோரம் மஞ்சள் பொடி படிந்திருந்தாலோ உடனே அணைத்து, சிலிண்டரையும் மூடுங்கள். அந்தப் பொடி முன்னே சொன்ன சோடியம் குரோமேட்தான், நச்சு, வெறுங்கையால் தொடக்கூடாது. குளிர்கிறதே என்று மறுபடி போட்டுப் பார்க்கவும் கூடாது. கூலிங் யூனிட்டை மாற்றலாம். நானாக இருந்தால், இத்தனை வருடப் பழைய வண்டிக்குச் சுடரே இல்லாத 12 வோல்ட் கம்ப்ரெசர் ஃப்ரிட்ஜுக்குப் போய்விடுவேன். அதற்குப் பேட்டரி தாங்குமா என்பதை மட்டும் முதலில் கணக்குப் பாருங்கள்.