அவாஸ்டின் ஊசி: உங்கள் தாயாரின் கண் பற்றி

வணக்கம். சீனி வருத்தத்தால் விழித்திரையின் நடுப்பகுதி வீங்கியுள்ள உங்கள் தாயாருக்குக் கண் வைத்தியர் அவாஸ்டின் ஊசி போடச் சொன்னதாகவும், அது புற்றுநோய் மருந்து என்று வாசித்ததால் களுவாஞ்சிகுடியில் வீட்டார் எல்லோரும் பயந்து போயிருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். நீங்கள் வாசித்தது சரியே. 2004இல் அமெரிக்காவில் அது பெருங்குடற் புற்றுநோய்க்குத்தான் அனுமதி பெற்றது. ஆயினும் இரத்தக்குழாய்களைக் கசியச் செய்யும் புரதத்தை அது கண்ணிலும் தடுக்கிறது. கண்ணுக்குள் செலுத்துவதோ வழமையாக 1.25 மில்லிகிராம் மட்டுமே.

இதே வீக்கமுள்ள 660 பேரிடம், விலை கூடிய ஐலியா, லுசென்டிஸ் ஊசிகளுடன் இதனை ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வொன்று 2015இல் வெளியானது. ஆரம்பப் பார்வை ஓரளவு நன்றாக, அதாவது 6/12 அளவில் (நல்ல கண் 12 மீற்றரிலிருந்து வாசிப்பதை 6 மீற்றரிலிருந்தே வாசிக்க முடிகிற நிலை), இருந்தோரிடம் ஓராண்டின் பின் மூன்றுக்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. 6/15 அல்லது அதிலும் குறைந்திருந்தோரிடம் ஐலியாவே முந்தியது. ஆகவே தாயாரின் கிளினிக் கொப்பியில் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு வைத்தியரிடம் கேளுங்கள். விலையை மட்டும் வைத்துத் தீர்மானிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆரையம்பதியில் என் மாமியாருக்கு ஜன்னல் கம்பிகள் நெளிந்து தெரிந்தன. மூன்றாவது ஊசிக்குப் பிறகே அவை நேராகத் தொடங்கின. ஒன்றோடு நிறுத்திவிடாதீர்கள்.

ஊசியின் பின் வெள்ளைவிழியில் சிறு இரத்தத்திட்டு தெரிந்தால் அது தானாகக் கரையும். நோவு கூடி, கண் சிவந்து, பார்வையும் மங்கினால் அது கிருமித்தொற்றாக இருக்கக்கூடும். அடுத்த கிளினிக் திகதிவரை காத்திராமல் அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.